பெட்டிக்குள் இருக்கும் காய்கள்: பலகை விளையாட்டுகளில் பொருட்கள் செய்யும் வேலை

ஒரு பலகை விளையாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு விதமான சாமான்கள் இருக்கும். ஒன்று விதிப் புத்தகம். மற்றது காய்கள், சீட்டுகள், பகடைகள், பலகை என்று கையால் தொட்டுத் தூக்கக்கூடிய பொருட்கள். விதியை யோசித்தவர்தான் மூளைசாலி, காய் செய்வது வெறும் தச்சு வேலை என்று நான் கனகாலம் நினைத்திருந்தேன். அது பிழை. நல்ல விளையாட்டுகளில் விதியின் பாதி வேலையைக் காய்களே செய்கின்றன. சிலவற்றில், விதியில் எழுதவே முடியாத ஒன்றைக் காய் செய்துவிடுகிறது. இக்கட்டுரை அப்படியான காய்களைப் பற்றியது. கடைசியில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் வருகிறது.

நான் தொழிலால் கணக்காளன். விளையாட்டு நிபுணன் அல்ல. ஆனால் அகதியாக வந்து சேர்ந்த நாடு ஜேர்மனி. பலகை விளையாட்டுக்கு இந்த நாட்டில் உள்ள மதிப்பு வேறெங்கும் உண்டோ தெரியாது. ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு 1979 இலிருந்து பரிசு கொடுக்கிறார்கள். 1983 இல் எஸ்ஸன் நகரில் சிறிய சந்திப்பாகத் தொடங்கியது இன்று ஒவ்வொரு ஒக்ரோபரிலும் நான்கு நாள் நடக்கும் பெரும் சந்தை. நகர நூலகங்களில் புத்தகத்தைப் போலவே விளையாட்டுப் பெட்டிகளையும் இரவல் தருவார்கள். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது வாங்கிக் கொடுக்கக் கையில் காசு இல்லை. நூலகத்து இரவல் பெட்டிகளால்தான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. திருப்பிக் கொடுக்கும்போது காய்களை எண்ணிக் கொடுக்கவேண்டும். எண்ணுவது என் வேலை.

ஆனால் நான் இங்கே முதலில் விளையாடியது அகதி முகாமில். வாரம் ஒருமுறை மொழி சொல்லித்தர வரும் ஜேர்மன் அம்மா ஒருவர் ‘மனிதா, கோபப்படாதே’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பலகையைப் பார்த்ததும் அறையிலிருந்த ஐந்து தமிழரும் சிரித்துவிட்டோம். அது எங்கள் தாயத்தின் சொந்தக்காரன். இந்தியாவின் பச்சீசி இங்கிலாந்துக்குப் போய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லூடோ ஆனது. அதே வம்சத்தில் மியூனிக்கைச் சேர்ந்த யோசெஃப் ஷ்மிட் என்பவர் 1907-08 குளிர்காலத்தில் தன் பிள்ளைகளுக்காக இந்த ஜேர்மன் வடிவத்தைச் செய்தார். 1914 இலிருந்து அது பெருமளவில் தயாரிக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் இராணுவ மருத்துவமனைகளுக்கு அவர் 3,000 பெட்டிகளை இலவசமாக அனுப்பினார். காயப்பட்டுக் கிடந்த சிப்பாய்கள் விளையாடிப் பழகி, போர் முடிந்து வீட்டுக்குப் போனபோது அதையும் கூடவே கொண்டுபோனார்கள்.

ஓட்டம் ஒன்றுதான், ஆனால் பகடை வேறு. அந்த வேறுபாட்டில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் தொடங்குகிறது. ஆறு பக்கப் பகடையில் ஒன்றும் ஆறும் ஒரே அளவில் வரும். நாங்கள் ஊரில் போட்டது புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் உரஞ்சி வெள்ளை தெரியச் செய்த நான்கு கொட்டைகள். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், இரண்டு வெள்ளைக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நான்கும் வெள்ளையென்றால் நான்கு, எல்லாம் கறுப்பென்றால் எட்டு; இது எங்கள் வீட்டு முறை. இரண்டு பக்கமும் சமமாக விழுமென்று வைத்துக்கொண்டால் விழும் விதங்கள் மொத்தம் 16. அதில் இரண்டு 6 தடவை வரும்; தாயமும் மூன்றும் தலா 4 தடவை; நான்கும் எட்டும் தலா ஒரு தடவை. அதாவது பெரிய தொகை அரிதாகவே வரவேண்டும் என்ற ஒழுங்கு கொட்டைக்குள்ளேயே இருக்கிறது. யாரும் அதை விதியாக எழுதவில்லை.

அதுவும் சமமாக விழுந்தால்தான். கூட உரஞ்சிய கொட்டை தட்டையாகி, ஒரு பக்கமாகவே விழப் பார்க்கும். எங்கள் அப்பாச்சி தன் கொட்டைகளைக் காசு வைக்கும் கொட்டப்பெட்டிக்குள் தனியாக வைத்திருப்பார். வேறு யாருடைய கொட்டையாலும் விளையாடமாட்டார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பொருளின் குணத்தை விளையாட்டின் குணமாக்குவது பழைய வித்தை. அதைத் தெரிந்தே செய்தவர்களில் லெஸ்லி ஸ்கொட்டைச் சொல்லவேண்டும். கிழக்கு ஆபிரிக்காவில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயப் பெண். அவருடைய குடும்பம் கானாவில் இருந்த காலத்தில், தக்கொறாடி மர ஆலையிலிருந்து வந்த மரத்துண்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றாக உருவி விளையாடினார்கள். அதை அவர் 1983 இல் லண்டன் பொம்மைச் சந்தையில் ‘ஜெங்கா’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுவாகிலி மொழியில் ‘கட்டு’ என்று பொருள். 54 துண்டுகள், மூன்று மூன்றாக 18 அடுக்கு. எல்லாத் துண்டும் ஒரே அளவென்று தோன்றும். உண்மையில் சிறு சிறு வித்தியாசம் வைத்தே செய்யப்படுகின்றன. சரியாக ஒரே அளவில் வெட்டியிருந்தால் பாரம் எல்லாத் துண்டிலும் ஒரேமாதிரி இறங்கி, எதையும் உருவமுடியாமல் போயிருக்கும். ஒரு துண்டு சற்று மெல்லியதாக இருப்பதால்தான் அது தளர்கிறது, பக்கத்துத் துண்டு பாரத்தைத் தாங்குகிறது. மரவேலைக்காரர் குறை என்று சொல்லக்கூடியதுதான் அங்கே முழு விளையாட்டும்.

ஜேர்மன் விளையாட்டு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கிளவுஸ் தொய்பர் உருவாக்கிய ‘கட்டான்’. எங்கள் வீட்டில் அதைக் ‘காட்டான்’ என்றுதான் சொல்வோம், மாமி சிரிப்பதற்காக. தொய்பர் பல் மருத்துவத் தொழில்நுட்பவியலாளர். செயற்கைப் பல் செய்தவர். 1995 இல் வெளிவந்து அந்த ஆண்டின் பரிசையும் பெற்றது. அதன் பலகை ஒரே துண்டு அல்ல, 19 அறுகோண அட்டைகள். ஒவ்வொரு முறையும் கலைத்து அடுக்குவதால் தீவு ஒவ்வொரு முறையும் புதிது. பாலைவனம் தவிர்ந்த 18 அட்டைகளிலும் ஓர் இலக்கச் சில்லு வைக்கப்படும். இரண்டு பகடை உருட்டி அந்த இலக்கம் வந்தால் அந்த நிலம் விளைச்சல் தரும். இப்போதைய பதிப்பில் இலக்கத்துக்குக் கீழே சிறு புள்ளிகள் உண்டு: 6, 8 என்பவற்றுக்கு ஐந்து புள்ளி, 2, 12 என்பவற்றுக்கு ஒரே புள்ளி. 36 இல் 5, 36 இல் 1 என்ற நிகழ்தகவுதான் அது. பாடசாலையில் எனக்கு இரண்டு வாரம் எடுத்த பாடத்தை அந்தச் சில்லு எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த காய் ஒரு கோபுரம். டிர்க் ஹென் 2002 இல் வெளியிட்ட ‘வாலன்ஸ்ரைன்’ என்ற விளையாட்டில் வருகிறது. ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர்தான் களம். பின்னர் இதே கோபுரத்தை வைத்து யப்பானியக் களத்தில் ‘ஷோகன்’ என்ற விளையாட்டும் வந்தது. ஒவ்வொருவருடைய படையும் ஒரு நிறத்துச் சிறு மரக்கட்டைகள். போர் என்றால் பகடை உருட்டுவதில்லை. இரு தரப்புக் கட்டைகளையும் கைநிறைய அள்ளி, கோபுரத்தின் வாய்க்குள் ஒன்றாகப் போடவேண்டும். உள்ளே ஓட்டைகள் உள்ள தட்டுகள் குறுக்கே இருக்கின்றன. சில கட்டைகள் கீழே தட்டத்தில் வந்து விழும். சில உள்ளேயே சிக்கிக்கொள்ளும். விழுந்ததை மட்டும் எண்ணி, ஒன்றுக்கு ஒன்று கழித்து, யாருக்கு மிச்சம் இருக்கிறதோ அவர் வென்றவர்.

சிக்கியவை என்னவாகும்? அங்கேதான் கெட்டித்தனம். அவை தொலைவதில்லை, உள்ளேயே கிடக்கின்றன. இன்னும் மூன்று போருக்குப் பிறகு, யாரோ போட்ட கட்டை தட்டிவிட, நீங்கள் மறந்துபோன உங்கள் படை திடீரென்று வந்து விழும். கெட்ட அதிர்ஷ்டத்தில் இன்று இழந்தவருக்கு அது நாளை திரும்பி வர வாய்ப்பு உண்டு. பகடைக்கு ஞாபகம் கிடையாது. ஐந்து தடவை ஒன்று விழுந்ததென்று ஆறாவது தடவை அது இரக்கம் காட்டாது. இந்தக் கோபுரத்துக்கு ஞாபகம் இருக்கிறது.

வணிகக்கல்வி படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பரீட்சை மீதி ஒத்துவராதபோது வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுவைப்போம். தொகை காணாமல் போகவில்லை, எங்கேயோ இருக்கிறது, வழு கண்டுபிடிக்கப்படும் நாளில் வெளியே வரும். மரக்கட்டை சிக்கும் அந்தக் கோபுரம் ஒரு தொங்கல் கணக்கு. இதைக் கணினியில் நிரல் எழுதியும் செய்யலாம்தான். ஆனால் கட்டைகள் தட்டில் முட்டி விழும் சத்தத்தைக் கேட்டு, தங்களுடையது எத்தனை உள்ளே நிற்கிறது என்று நால்வரும் மனதுக்குள் கணக்குப் போடும் அந்த இரண்டு விநாடி கணினியில் வராது.

இதே குடும்பத்தில் இன்னொன்று, ஸ்ரெஃபன் போகன் உருவாக்கி 2014 இல் பரிசு பெற்ற ‘கமல் அப்’. ஒட்டக ஓட்டப் பந்தயம். ஒரு ஒட்டகம் இன்னொன்று நிற்கும் கட்டத்துக்கு வந்தால் அதன் முதுகில் ஏறி நிற்கும்; கீழே இருப்பது நகரும்போது மேலே உள்ளவையும் சும்மா பயணம் செய்யும். இதை எழுத்தில் விளக்கினால் குழப்பம். அடுக்கி வைக்கக்கூடிய மர ஒட்டகத்தைக் கையில் கொடுத்தால் ஒரு சொல்லும் தேவையில்லை.

புதிய பொருளே இல்லாமல், இருப்பதைத் திருப்பிப் பிடித்ததாலேயே வெற்றி பெற்றதும் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த அந்துவான் போசாவின் ‘ஹனாபி’ 50 சீட்டு கொண்ட சிறிய பெட்டி. 2013 இல் ஜேர்மன் பரிசு அதற்குத்தான். உங்கள் சீட்டின் முகம் உங்களுக்கல்ல, மற்றவர்களுக்குத் தெரியும்படி பிடிக்கவேண்டும். என் கையில் என்ன இருக்கிறதென்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அளந்து தரும் குறிப்பைக் கொண்டு நான் சீட்டைப் போடவேண்டும். எல்லோரும் ஒரே அணி. எங்கள் வீட்டில் முதல் தடவை விளையாடியபோது, பழக்கதோசத்தில் சீட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தவர் நான்தான். முந்நூற்றிநாலு விளையாடிய கை.

இனி சொல்லப்போவது கொஞ்சம் வேறு மாதிரி.

‘வால்ட்ஷாட்டன்ஸ்பீல்’ என்றால் காட்டு நிழல் விளையாட்டு. வால்டர் க்ரவுல் என்ற ஜேர்மன் பொம்மைத் தயாரிப்பாளர் 1985 இல் வெளியிட்டது. அறையை முழு இருட்டாக்கி, பலகையில் மரத்தால் செய்த மரங்களை நட்டு, நடுவில் ஓர் உண்மையான மெழுகுதிரியை ஏற்றுவார்கள். பெரியவர் ஒருவர் பகடை போட்டு அந்த வெளிச்சத்தை நகர்த்துவார். பிள்ளைகளின் சிறு குள்ளர்கள் மரநிழலில் ஒளிந்திருப்பார்கள். வெளிச்சம் பட்ட குள்ளன் உறைந்துபோவான். இன்னொரு குள்ளன் நிழலுக்குள்ளால் அவனிடம் வந்து சேர்ந்தால்தான் விடுதலை. எல்லாக் குள்ளர்களும் ஒரே நிழலில் சேர்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வெற்றி. ஒளிவதற்கு உரிய இடம் எதுவென்று பலகையில் கீறி வைக்கவில்லை. சுடர் அசையும்போது காடு முழுவதும் அசையும். மறைவிடமே இடம் மாறும். நெருப்பை ஒரு விளையாட்டுக் காயாக இவ்வளவு அழகாகப் பயன்படுத்தியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டியை இரவல் எடுத்து வந்த அன்று பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். யன்னல் திரையை இழுத்து, மின்விளக்கை அணைத்து, மேசையில் அந்தச் சிறு சுடர் மட்டும் எரிந்தபோது மனைவி எழுந்து குசினிக்குப் போய்விட்டார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து எரித்த விளக்கும், பரா வெளிச்சம் வானத்தில் தொங்கும்போது வாழைத்தோட்டத்துக்குள் குந்தியிருந்த இரவுகளும் அவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா ஏன் விளையாட வரவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். தலையிடி என்று சொன்னேன். அது ஒரு நல்ல விளையாட்டு. அதன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு பொருளுக்கு இவ்வளவு பலம் இருக்கிறதென்று அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

அந்தப் பலத்தைத் தெரிந்தே கையில் எடுத்தவர் அமெரிக்காவின் பிரெண்டா ரொமேரோ. தொழிலால் கணினி விளையாட்டு வடிவமைப்பாளர். ஒருநாள் அவருடைய சிறு மகள் பாடசாலையில் அடிமைக் கப்பல்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, சாதாரணப் பாடமொன்றை ஒப்புவிப்பதுபோல் சொல்லியிருக்கிறாள். ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்கள் அவளுக்கு ஒரு பாடத் தலைப்பு. தாய் விரிவுரை எதுவும் செய்யவில்லை. மரக் காய்களைக் கொடுத்து, குடும்பம் குடும்பமாக நிறம் தீட்டச் சொன்னார். அப்பா, அம்மா, குழந்தை என்று மகள் தீட்டி முடித்ததும், தாய் அதிலிருந்து கைக்கு வந்ததை ஒரு பிடி அள்ளிக் கப்பலில் போட்டார். மகள் தடுத்தாள்: குழந்தையை விட்டுவிட்டீர்கள், குடும்பம் ஒன்றாக அல்லவா போகவேண்டும்? பிறகு கடல் கடக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் பகடை போட்டு, விழுந்த அளவுக்கு உணவைக் கழிக்கவேண்டும். பாதி வழியில் உணவு போதாது என்று தெரிந்தது. என்ன செய்வது? சிலரைக் கடலில் போடலாம். அல்லது எப்படியாவது கரை சேருவோம் என்று நம்பிப் போகலாம். இது உண்மையாகவே நடந்ததா என்று அந்தப் பிள்ளை அப்போதுதான் கேட்டாளாம்.

பின்னர் ரொமேரோ செய்த ‘ட்ரெயின்’ இதைவிடக் கடுமையானது. உலகில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு, கடையில் வாங்கமுடியாது. உடைந்த கண்ணாடிகொண்ட யன்னல் சட்டத்தின் மேல் தண்டவாளங்கள். விளையாடுவோர் மஞ்சள் நிற மனிதக் காய்களைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி, தடைகளைத் தாண்டிப் போய்ச்சேரவேண்டும். திறமையாக ஏற்ற ஏற்ற வெற்றி நெருங்கும். ஒரு ரயில் போய்ச் சேர்ந்ததும் ஒரு சீட்டைத் திருப்புவார்கள். அதில் இருப்பது நாஸி வதைமுகாம் ஒன்றின் பெயர். அதன்பின் மேசையில் இருந்தவர்கள் அழுததும் உண்டு. முன்னமே ஊகித்துவிட்டு, விதிகளுக்குள் நின்றுகொண்டே ரயிலைத் தடம்புரட்டப் பார்த்ததும், காய்களை இறக்கி ஒளித்து வைக்கப் பார்த்ததும் உண்டு. விதி தட்டச்சு செய்யப்பட்ட தாளே நாஸிக் காலத்துத் தட்டச்சு இயந்திரத்தில் அடிக்கப்பட்டது. செரோக்கி மக்கள் தங்கள் நிலத்தைவிட்டு மேற்கே விரட்டப்பட்ட பயணத்தைப் பற்றிய இன்னொன்றுக்கு அவர் தனித்தனியாக 50,000 காய்கள் வைத்துச் செய்யத் தொடங்கினார். ஒரு கணக்காளனாக நான் அதில் நின்று யோசித்தேன். ஐம்பதாயிரம் என்று எழுத ஐந்து இலக்கம் போதும். ஒவ்வொன்றாக மேசையில் வைக்க எத்தனை நாள் வேண்டும்?

இதை வாசித்த காலத்தில்தான் என் சின்ன மகளுக்குப் பாடசாலையில் குடும்ப வரலாறு பற்றி ஒரு ஒப்படை தந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் இடப்பெயர்வு. அவள் எழுதியிருந்த வரி ஜேர்மன் மொழியில் பிழையில்லாமல் இருந்தது: போர் காரணமாக எனது தந்தை இன்னொரு ஊருக்கு மாறினார். வீடு மாறுவதற்கும் இதே சொல்லைத்தான் இந்த மொழியில் பயன்படுத்துவார்கள். கோபிக்க ஒன்றுமில்லை. நான் சொன்னதும் அவ்வளவுதான்.

அதை விளையாட்டாகச் செய்து பார்ப்போம் என்று இருவரும் உட்கார்ந்தோம். முதலில் நான் கணக்காளன் புத்தியைக் காட்டினேன். ஒரு சைக்கிள், அதன் கொள்ளளவு 20 புள்ளி. அரிசி 4, தையல் மெசின் தலை 5, காணி உறுதியும் படங்களும் 1, கைக்குழந்தை 3, நடக்கமாட்டாத ஆச்சி 9 என்று ஒரு அட்டவணை கீறினேன். மகள் தாளைப் பார்த்தாள், கைபேசியில் இரண்டு தடவை தட்டினாள், மிகச் சிறந்த சேர்க்கையைச் சொல்லிவிட்டாள். ஆச்சி அதில் இல்லை. ஒரு நிமிடமும் எடுக்கவில்லை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தொகை சரி.

அட்டவணையைக் கிழித்துப்போட்டேன். சைக்கிளுக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டி. அரிசி, வெள்ளை மரக்கட்டைகள். (இப்படியான வெறும் கட்டைகளையும் காய்களையும் இங்கே சில சதங்களுக்குத் தனித்தனியாக வாங்கலாம். வீட்டில் பழைய பெட்டிகளில் காய் குறைந்திருந்தால் பல வெளியீட்டாளர்கள் கேட்டு எழுதினால் அனுப்புகிறார்கள்.) மனிதர்கள், தலை உருண்ட மரக் காய்கள். சான்றிதழ், சுருட்டிய கடதாசித் துண்டு. விதி ஒன்றே ஒன்று: பெட்டி மூடவேண்டும்.

இந்த முறை அவளுக்கு இருபது நிமிடம் எடுத்தது. ஆச்சியை நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள், படுக்க வைத்தாள், குறுக்கே வைத்தாள். ஒரு அரிசிக் கட்டையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். “கொஞ்சம் திறந்திருந்தா என்னப்பா?” என்றாள். மழை பெய்தது, நனைந்துவிடும் என்றேன். அன்றிரவு உண்மையிலேயே மழை. நாவற்குழிப் பக்கம் போகிற வீதியில் ஒரு அடி வைக்க எத்தனை நேரம் எடுத்ததென்று அப்போதுதான் சொன்னேன். தாகத்துக்குச் சனம் குடையைத் திருப்பிப் பிடித்து மழைத்தண்ணி ஏந்தியதையும் சொன்னேன். பிறகு அவள் பெட்டிக்குள்ளிருந்து சுருட்டிய கடதாசியை எடுத்து வெளியே வைத்தாள். “இது இங்க வந்து உதவேல்லைத்தானே அப்பா.”

என் வணிகமாணிப் பட்டத்தைச் சொல்கிறாள். அதைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தவன் நான். இங்கே ஒரு அலுவலகத்தில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்குச் சமமான தகுதி இல்லையென்று ஒரு கடிதம் தந்தார்கள். எட்டு வருடம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டு, இரவில் முதலிலிருந்து படித்துத்தான் ஒரு வரி ஆலோசகரிடம் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். கடதாசியை எடுத்தும் பெட்டி மூடவில்லை.

“ஆச்சியைக் கொஞ்சம் உரஞ்சிச் சின்னனாக்கலாமோ?” என்று கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். எனக்கு அப்பாச்சியின் கொட்டப்பெட்டி நினைவுக்கு வந்தது. அப்பாச்சி எங்களோடு வரவில்லை. நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ என்று படலையில் நின்று சொன்னார். கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம், சைக்கிள் பாரில் இருத்தி உருட்டியிருக்கலாம். மற்றவர்கள் அப்படிச் செய்தார்கள். நாங்கள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. திரும்பிப் போவதற்கிடையில் அவர் போய்விட்டார். இதைப் பிள்ளைகளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். மனைவியும் வந்து இருந்து கேட்டார்.

மறுநாள் காலை மேசையில் மகளின் கையெழுத்தில் ஒரு தாள் கிடந்தது, பாதி ஜேர்மன், பாதி தமிழ். விதி ஒன்று கூடியிருந்தது. பெட்டிக்குள் போகாத காய்களைத் திரும்பப் பெட்டகத்தில் போடக்கூடாது. வீட்டுக் கட்டத்திலேயே, விளையாட்டு முடியும்வரை, எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கவேண்டும்.

வேலை இன்னும் முடியவில்லை. பாலத்தை எதனால் செய்வதென்று இழுபறி: ஒருவருக்குப் பின் ஒருவர்தான் போகலாம் என்ற நெருக்கம் வரவேண்டும். அதற்கு ஒரு பழைய அடிமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்க்கிறோம். தீப்பெட்டிகள் அதில் இரண்டு நிமிடம் நிற்கின்றன, பிறகு ஒன்று சரிந்து விழுகிறது.